முடிச்சுகளில் எழுதிய கணக்கு

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் பேரரசு அமைத்த இன்கா மக்களுக்கு எழுத்து இல்லாததால் ஆவணங்களும் இல்லை என்று சிலர் கூறுவதை ஏற்க இயலவில்லை. கூஸ்கோவைத் தலைநகராகக் கொண்ட அப்பேரரசில், ஒரு தலைக்கயிற்றிலிருந்து வரிசையாகத் தொங்கும் நூல்களில் முடிச்சுகளிட்டு, மக்கள்தொகையையும் களஞ்சிய இருப்பையும், மித்தா எனப்படும் சுழற்சிமுறை உழைப்புக் கடமையை யார் நிறைவேற்றினர் என்பதையும் பதிவு செய்தனர். கிப்பு எனப்படும் இக்கயிற்றுத் தொகுதியில் முடிச்சு அமைந்த இடமே ஒன்று, பத்து, நூறு என்னும் இடமதிப்பைக் குறித்தது. முடிச்சில்லாத இடம் சுழியம். இதை 1912இல் அமெரிக்க ஆய்வாளர் லேலண்ட் லாக் விளக்கினார். நாணயமின்றி உழைப்பையே வரியாகப் பெற்ற அரசு, இத்தகைய கணக்கின்றி ஒரு நாளும் நகர்ந்திருக்காது. இன்கா பேரரசை வென்ற ஸ்பானியரின் நீதிமன்றங்களே தொடக்கத்தில் கிப்புகளைச் சான்றாக ஏற்றன (வென்றவர்களே நம்பிய கணக்கு!), பின்னர் 1583இல் லீமா திருச்சபைப் பேரவை, பழைய சமயத்தோடு தொடர்புடைய கிப்புகளை அழிக்கப் பணித்தது.