பிரெஞ்சு படித்தால் குழந்தைக்குப் பேச்சு திக்குமா?

கீழக்கரை, மண்டபம், தொண்டி பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "தொடக்கப் பள்ளியிலேயே பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தால் பேச்சு திக்கும், தமிழ் மறந்துபோகும். பிரான்ஸிலேயே பத்து வயது வரை வேற்று மொழி கிடையாது."

இது தவறு. பிரான்ஸில் 6 வயதில் சேரும் முதல் வகுப்பிலேயே வேற்று மொழிப் பாடம் உண்டு, ஆண்டுக்கு 54 மணி நேரம். அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் 2014 செப்டம்பர் முதல் 7 வயதிலிருந்து வேற்று மொழி கட்டாயம். பெரும்பாலான பள்ளிகள் எடுப்பது பிரெஞ்சுதான்.

சரி, பேச்சு? இரண்டாவது மொழி பேச்சுக் குறையை உண்டாக்காது என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, கேட்டல் சங்கம் தன் தளத்தில் தெளிவாகவே சொல்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? கீழக்கரையில் காலையில் மதரஸாவில் வலமிருந்து இடமாக 'அலிஃப், பா' என்று விரல் வைத்து ஓதும் பிள்ளைதான், ஒன்பது மணிக்குப் பள்ளியில் இடமிருந்து வலமாக 'அம்மா' எழுதுகிறது. வீட்டுக்கு வந்து உம்மாவிடம் வாய் ஓயாமல் பேசுவது தமிழில்தான். நடுவில் இரண்டு மொழிச் சொற்கள் கலந்து வரும். அது இயல்பு, குழப்பமில்லை.

ஆனால் குழந்தை உண்மையிலேயே திக்கினாலோ பேசத் தாமதித்தாலோ, மொழிப் பாடத்தைக் குறைசொல்லிக் காத்திருக்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் காட்டிக் காதைச் சோதியுங்கள். இந்தப் பயத்தால் அந்தச் சோதனை தள்ளிப்போவதுதான் எனக்குப் பெரிய கவலை.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.