அந்தமான் தவளைக்கு சென்னையிலிருந்து ஒரு வக்காலத்து

"ஒரு தவளைக்கு எத்தனை தடவைங்க பேர் மாத்துவாங்க? இந்த விஞ்ஞானிகளுக்கு வேற வேலையே இல்லையா?" என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் நண்பர் கேட்டிருந்தார். அங்கே பதில் போட்டால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொன்னது அந்தமானின் சார்லஸ் டார்வின் தவளையை. 1998-ல் இந்த்ரனீல் தாஸ் என்ற விஞ்ஞானி இதை தெற்கு அந்தமானின் மவுன்ட் ஹாரியட்டிலிருந்து உலகுக்குச் சொன்னபோது 'ரானா' என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பில், வைத்தார். அந்தக் காலத்து ரானா நம் வீட்டுப் பரண் மாதிரி, எதை எங்கே வைப்பதென்று தெரியாவிட்டால் அங்கே ஏற்றிவிடுவார்கள். பிறகு 'இன்ஜெரானா' ஆனது. டிஎன்ஏ எல்லாம் பார்த்த பிறகு இப்போது 'மினர்வர்யா'. செங்கல்பட்டு பக்கம் வரப்பில் நடந்தால் காலடியிலிருந்து தெறித்து ஓடுமே குட்டித் தவளைகள், அவையும் மினர்வர்யாதான். கடல் தாண்டி இருப்பது நம் வயல் தவளையின் பங்காளி!

உறவு தெரிந்தால்தான் அது எவ்வளவு விசித்திரமான பங்காளி என்பதும் தெரியும். வயல் தவளை தேங்கின தண்ணீரில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். இதுவோ மழைத் தண்ணீர் நிறைந்த மரப்பொந்தைத் தேடிப் போகிறது. எஸ்.டி. பிஜுவும் சக ஆய்வாளர்களும் மழைக்கால ராத்திரிகளில் கண்விழித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆண் பொந்துக்குள் இருந்து கத்தும். பெண் வந்ததும் ஜோடியாகத் தண்ணீரை விட்டு மேலேறி, பொந்தின் உள்சுவரில் தலைகீழாகத் தொங்கியபடி முட்டைகளை ஒட்டும். பொரிந்த தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். ஜோடி கிடைக்காத ஆண்கள் சும்மா இருப்பதில்லை. உதைக்கும், கடிக்கும், ஜோடிக்கு நடுவில் தலையை நுழைத்துப் பிரிக்கப் பார்க்கும். இந்த ரவுடிகளிடமிருந்து தப்பத்தான் தலைகீழ் வித்தை என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

பொந்துள்ள பழைய மரங்கள் இல்லாத தோட்டங்களில் அதே தவளை நர்சரி நாற்றுப் பைகளிலும் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களிலும் முட்டையிடுகிறது. அதைப் படித்துவிட்டு 'அட, சமாளிச்சுடுச்சே' என்று சந்தோஷப்பட என்னால் முடியவில்லை.

டார்வின் அந்தமானுக்குப் போனதே இல்லை. ஆனாலும் பெயர் பொருத்தம்தான். நடுக்கடல் தீவுகளில் தவளை இனமே கிடையாது, உப்புத் தண்ணீர் பட்டால் முட்டை செத்துவிடும் என்று எழுதியவர் அவர். 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1872 பதிப்பில், விதிவிலக்கான ஒருசில இடங்களில் அந்தமானையும் சேர்த்துவிட்டு, அதை நடுக்கடல் தீவு என்று சொல்லலாமா என்பதே சந்தேகம் என்கிறார். சரியான சந்தேகம். மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, நடுவில் தலைகாட்டும் உச்சிகள்தான் அந்தமான்.

இனி நம் பங்குக்கு வருகிறேன். மழை கொட்டின ராத்திரி சென்னைப் புறநகர் ஏரிக்கரைகளில், உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சளாகி, தாடைக்கு இரண்டு பக்கமும் நீலப் பை உப்ப ஒரு பெரிய தவளை கத்துமே, புல்ஃப்ராக், எனக்கு ரொம்பப் பிடித்த ஜீவன் அது. தவளைக்கால் ஏற்றுமதிக்காகக் கொன்று குவித்து, 1987-ல் தடை வந்துதான் நின்றது. இங்கே பாவப்பட்ட அதே தவளை அந்தமானில் வில்லன். இந்த நூற்றாண்டில்தான் அங்கே பெருகியது. மீன்குஞ்சோடு கலந்து போயிருக்கும் என்பதே பலமான கணிப்பு. கோழிக்குஞ்சைக்கூட விழுங்குகிறது என்று அங்குள்ளவர்கள் புலம்புகிறார்கள். நித்ய பிரகாஷ் மொஹந்தி, ஜான் மீஸி என்ற ஆய்வாளர்கள் இதன் தலைப்பிரட்டைகளை உள்ளூர்த் தவளை இனங்கள் இரண்டின் தலைப்பிரட்டைகளோடு விட்டுப் பார்த்தார்கள். உள்ளூர்த் தலைப்பிரட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

உப்புத் தண்ணீரைத் தாண்ட முடியாத முட்டைக்கு, ஆக்சிஜன் அடைத்த மீன்குஞ்சு பாலித்தீன் பை சொகுசுப் பயணம். யார் உள்ளூர், யார் வந்தேறி என்று சொல்ல முதலில் எது எந்த இனம் என்று தெரிய வேண்டும். பேர் மாற்றுகிறவர்கள் செய்யும் வேலை அதுதான்.

என் கட்சி இதுதான்: சோதனை, சரக்கு ஏறும் இடத்தில் நடக்க வேண்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் போக மூன்று நாள். நம்மில் எத்தனை பேருக்கு அங்கே சொந்தபந்தம் இருக்கிறது, எத்தனை செடியும் கன்றும் இங்கிருந்து போகிறது! மீன்குஞ்சுப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவும், நாற்றின் வேர்மண்ணைக் கிளறிப் பார்க்கவும் இரண்டு ஆள் சம்பளம்தான் ஆகும். அத்தை வீட்டுக்குத் தொட்டியோடு ரோஜாச் செடி கொண்டுபோகிறவர்களும் தொட்டித் தண்ணீரை இங்கேயே கொட்டிவிட்டு ஏறுங்கள்.