ரப்பர் கோழியும் கிணற்று ராட்டினமும்

1999-ல் ரிச்சி தெருவில் அப்பா அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டரோடு வீட்டுக்கு வந்த சிடியில் 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' இருந்தது. 1990-ல் வந்த விளையாட்டு, எங்களுக்கு அன்றுதான் புதுசு. கடற்கொள்ளைக்காரன் ஆக ஆசைப்படும் கைபிரஷ் என்ற பையனின் கதை. திரைக்குக் கீழே திற, எடு, தள்ளு, பேசு என்று ஆங்கிலத்தில் வினைச்சொற்கள். ஒன்றைச் சொடுக்கி, பிறகு படத்தில் ஒரு பொருளைச் சொடுக்க வேண்டும்.

அதில் ஒரு ரப்பர் கோழி கிடைக்கும். கோழிக்கு நடுவே ஒரு 'புல்லி'. எதற்கென்று தெரியாமல் நானும் அண்ணனும் இரண்டு வாரம் தவித்தோம். வீட்டில் இன்டர்நெட் கிடையாது. லிஃப்கோ அகராதியைப் புரட்டி, அது கப்பி என்று கண்டுபிடித்தோம். சரி, கப்பி என்றால்? "கெணத்துல இருக்கே ராட்டினம், அதாண்டி" என்றார் பாட்டி. மேற்கு மாம்பலம் வீட்டுக் கிணற்றடிக்கு ஓடினோம். ராட்டினத்தின் மேல் கயிறு ஓடுகிறது. அப்படியானால் கயிற்றின் மேல் ராட்டினமும் ஓடுமே! அன்று ராத்திரியே கைபிரஷ், கோழியை இரண்டு தீவுகளுக்கு நடுவே கட்டியிருந்த கம்பியில் மாட்டிப் பக்கத்துத் தீவுக்குச் சறுக்கிப் போனான்.

அந்த இரண்டு வாரம்தான் படிப்பு. சாப்பிடும்போதும் ஸ்கூலுக்கு நடக்கும்போதும் கோழி நினைப்பாகவே இருந்த நாட்கள் அவை. இந்த விளையாட்டை உருவாக்கிய ரான் கில்பர்ட் இதையெல்லாம் யோசித்தே செய்தார். அந்தக் காலத்தில் சியரா என்ற நிறுவனம் வெளியிட்ட விளையாட்டுகளில் கால் தவறினால் சாவு. இவருடையதில் தண்ணீருக்கடியில் 10 நிமிடம் சும்மா நின்றாலொழிய கைபிரஷ் சாகமாட்டான். பயமில்லாத இடத்தில்தான் பிள்ளைகள் எதையும் எதோடும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

என் மகளுக்கு 7 வயது. அவளுக்காகப் பணம் கட்டி வாங்கிய கற்றல் செயலி, அவள் கொஞ்ச நேரம் யோசித்தாலே சரியான விடையை மின்னவைத்துக் காட்டுகிறது. தொட்டதும் நட்சத்திரம். இதைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் அவளுக்கு 'பஜாமா சாம்' என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். கில்பர்ட்டும் ஷெல்லி டேயும் 1992-ல் தொடங்கிய ஹ்யூமங்கஸ் என்டர்டெயின்மென்ட், குழந்தைகளுக்காக 1996-ல் வெளியிட்டது. இருட்டுக்குப் பயந்த பையன் இருட்டையே பிடித்து டிபன் பாக்ஸில் அடைக்கக் கிளம்புகிறான். கடைசியில் பார்த்தால், இருட்டு விளையாட ஆளில்லாமல் தனியாக இருக்கிறது. மகள் ஓரிடத்தில் மூன்று நாள் மாட்டிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை, அது எனக்குத்தான் பெரிய கஷ்டம். அவளே முடித்தாள். அப்புறம் கரண்ட் போன ஒரு ராத்திரி, என் மடியில் படுத்தபடி "பாவம்மா இருட்டு" என்றாள்.

இப்படி ஒன்றைத் தமிழில் அவளுக்குக் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். மங்கி ஐலண்ட் வாள்சண்டையில் ஜெயிப்பது வாய்தான். எதிராளியின் வசவுக்குப் பொருத்தமான பதிலடி கொடுக்க வேண்டும். நம்மூர் எசப்பாட்டு வேறென்ன? விடுகதைக்கு நம் பாட்டிகளிடம் பஞ்சமா? சென்னையில் கேம் உருவாக்கும் பிள்ளைகளில் ஒருவராவது இதைக் கையில் எடுக்க வேண்டும்.

அதுவரை, பழைய லேப்டாப் போதும். இந்த விளையாட்டுகளை ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற மென்பொருள் இலவசம். பஜாமா சாமை ஸ்டீம் என்ற இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நிறுவத் தெரியாத பெற்றோர்கள் என்னைக் கேளுங்கள், உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.