எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்விக்கு முன்னால்

என் அக்கா மகளுக்கு மூன்று பல்கலைக்கழகங்களிலிருந்து சேர்க்கை அனுமதி வந்திருக்கிறது. ஒன்று, பெயரைச் சொன்னவுடன் எல்லோரும் புருவம் உயர்த்தும் பெருநகரப் பல்கலைக்கழகம். இன்னொன்று, சிறிய ஊர் ஒன்றில் இருக்கும், அந்தத் துறையில் உள்ளவர்களுக்கு மட்டுமே அருமை தெரிந்த பல்கலைக்கழகம். மூன்றாவதற்கு அவள் வேண்டாவெறுப்பாக விண்ணப்பித்தவள்; அதை இங்கே விட்டுவிடலாம். இவற்றுக்கு நடுவில் போன வாரம், "ஒரு வருடம் எங்கும் சேராமல் இருந்து பார்த்தால் என்ன, சித்தி?" என்று கேட்டாள். அன்று இரவு குடும்பமே கூடி மூன்று மணி நேரம் பேசியது; பேசி முடித்தபோது, தொடங்கும்போது இருந்ததைவிடக் குழப்பம் கூடியிருந்தது.

பின்னர் தனியே யோசித்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. எங்கே படிப்பது, எப்போது படிப்பது, எப்படிப்பட்ட ஊரில் வாழ்ந்துகொண்டு படிப்பது என்ற மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒரே கேள்வியாகக் கட்டி அவள் தலையில் வைத்துவிட்டோம். அவற்றிலும் முதல் கேள்விக்குத் தகுதிக்கு மீறிய எடையையும் மூன்றாவதற்கு மிகக் குறைந்த எடையையும் கொடுத்தோம். இந்தப் பதிவு அந்த எடையை மாற்றி வைக்கும் முயற்சி.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் எல்லா வீடுகளிலும் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 1976ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்த மாணவர்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீட்டில் ஒரு நுட்பம் இருந்தது: பெயர்பெற்ற கல்லூரியில் படித்தவரையும் படிக்காதவரையும் வெறுமனே அருகருகே வைக்காமல், ஒரே தரத்துக் கல்லூரிகளில் இடம் கிடைத்து, அவற்றுள் வெவ்வேறு தேர்வுகளைச் செய்தவர்களை அருகருகே வைத்தார்கள். அப்படிப் பார்த்தபோது, அதிகப் போட்டியுள்ள கல்லூரிக்குப் போனவரும், அங்கே இடம் கிடைத்தும் வேறிடம் சென்றவரும், பிற்காலத்தில் ஏறத்தாழ ஒரே அளவு சம்பாதித்திருந்தார்கள். இதற்கு விதிவிலக்கும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. வருமானம் குறைந்த குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்குப் பெயர்பெற்ற கல்லூரி உண்மையாகவே பலன் தந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாத ஓர் உலகத்தின் கதவை அந்தப் பெயர் அவர்களுக்குத் திறந்துவிடுகிறது என்பதாகவே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே பெயர் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் குடும்பத்தில் நீங்கள்தான் முதலில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறீர்கள் என்றால் பெயருக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பெண் போடுங்கள். மற்றவர்களுக்கு, இரண்டு நல்ல இடங்களுக்கு இடையிலான பெயர் வேறுபாடு, அந்த இடங்களில் நடக்கப்போகும் அன்றாட வாழ்க்கையின் வேறுபாட்டைவிடச் சிறியது என்பதே என் எண்ணம்.

சேர்க்கைக் கடிதத்தை முழுவதுமாகப் படிப்பவர்கள் மிகவும் குறைவு என்பதையும் இந்த நாட்களில் கண்டுகொண்டேன். "மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்ற வரியோடு கண் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழேதான் முக்கியமானவை எல்லாம் இருக்கின்றன. உதவித்தொகை ஓராண்டுக்கா, படிப்புக் காலம் முழுவதற்குமா, அது தொடர்வதற்கு எவ்வளவு மதிப்பெண் எடுக்க வேண்டும், முதலாண்டில் சறுக்கினால் மீட்டெடுக்க வழி உண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் அனுப்பும் நிதியுதவிக் கடிதங்கள் சிலவற்றில், திருப்பித் தரவேண்டாத உதவித்தொகையும் வட்டியோடு திருப்பித் தரவேண்டிய கடனும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வந்து, கடைசியில் ஒரே கூட்டுத்தொகையாகக் காட்டப்படும். அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்து மகிழ்ந்த ஒரு தந்தையை எனக்குத் தெரியும். பாதிக்கு மேல் கடன் என்பது அவருக்கு மறுநாள்தான் புரிந்தது.

பிரிட்டனில் விண்ணப்பிக்கிறவர்களுக்கு இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பொதுவாகப் பெறும் யூகாஸ் அமைப்பின் வழியாக ஐந்து இடங்கள் வரை விண்ணப்பித்து, வந்த அனுமதிகளில் ஒன்றை உறுதித் தேர்வாகவும் இன்னொன்றைக் காப்புத் தேர்வாகவும் வைத்துக்கொள்ளலாம். முதலாவதற்குக் கேட்ட மதிப்பெண் வராவிட்டால் இரண்டாவது நம்மைத் தாங்கும் என்பது இந்த ஏற்பாட்டின் நோக்கம். ஆனால் இரண்டிலும் ஒரே மதிப்பெண்ணைக் கேட்கும் இடங்களை வைத்துவிட்டு, தமக்குக் காப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். காப்பாக வைக்கும் இடம், குறைந்த மதிப்பெண்ணுக்கும் நம்மை ஏற்பதாக இருக்க வேண்டும். கட்டாயம் ஏற்பட்டால் நாம் மனமொப்பிப் போகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையை மறப்பவர்களே அதிகம்.

இனி அந்த ஓராண்டு இடைவெளி. இதைக் கேட்டவுடன் என் அக்கா, "படிப்பு விட்டுப்போய்விடும்" என்றாள். அந்த அச்சம் முற்றிலும் பொய்யானது அல்ல என்றாலும், உலகம் இந்த இடைவெளியைப் பலவிதமாகப் பழகி வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் ஆண் பிள்ளைகள், படைப்பணி போன்ற கட்டாயத் தேசிய சேவையில் இரண்டாண்டு கழித்த பிறகே பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். அதுவரை அவர்களுக்கான இடம் காத்திருக்கிறது. நார்வேயில் பள்ளி முடித்தவர்கள் பலர், தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத நாட்டுப்புற உயர்பள்ளிகளில் ஓராண்டு சேர்ந்து தங்கி, இசையோ மரவேலையோ மலையேற்றமோ கற்கிறார்கள். 1844இல் டென்மார்க்கில் தோன்றிய மரபு அது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2009 முதல், தான் சேர்த்துக்கொண்ட மாணவர்களில் சிலரை, வகுப்பு தொடங்கும் முன்பே ஒன்பது மாதங்கள் வெளிநாடுகளில் தொண்டுப் பணிக்கு அனுப்புகிறது. ஹார்வர்டில் இடம் கிடைத்த, முன்னாள் அமெரிக்க அதிபரின் மகள் மலியா ஒபாமா ஓராண்டு தள்ளி, 2017இல்தான் சேர்ந்தார்.

இந்த எடுத்துக்காட்டுகளில் எல்லாம் பொதுவாக இருக்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களுக்கு அந்த ஆண்டுக்கு ஒரு வடிவம் இருக்கிறது. பெரும்பாலும் அதன் மறுமுனையில் ஓர் இடமும் காத்திருக்கிறது. கையில் இடத்தை வைத்துக்கொண்டு சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைப்பதும், எல்லாவற்றையும் மறுத்துவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிப்பதும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் முற்றிலும் வேறானவை. முதலாவது ஓய்வு, இரண்டாவது பந்தயம். உடலும் மனமும் தேர்வுகளால் களைத்துப்போனவர், செலவுக்குப் பணம் சேர்க்க வேலைக்குப் போக வேண்டியவர், குடும்பத்தில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டியவர் ஆகியோருக்கு இடைவெளி நியாயமானது. எந்தப் படிப்பு என்றே முடிவு செய்ய முடியவில்லை, அதனால் இடைவெளி எடுக்கிறேன் என்பவரிடம் மட்டும் நான் சற்றுக் கடுமையாகப் பேசுவேன். ஓராண்டு கழித்தும் அதே கேள்வி அதே இடத்தில்தான் நிற்கும். அதற்குள் சில கதவுகள் மூடியிருக்கும். அந்த ஆண்டில் அந்தத் துறைக்கு அருகில் ஏதேனும் வேலை செய்து பார்க்கும் திட்டம் இருந்தால் ஒழிய, அதை முடிவைத் தள்ளிப்போடுவது என்றே சொல்ல வேண்டும்.

இதில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு: அந்தப் படிப்புக்குச் சேர்க்கையைத் தள்ளிவைக்க அனுமதி உண்டா, உதவித்தொகையும் கூடவே தள்ளி வருமா, விடுதி முன்னுரிமை நிலைக்குமா, இடையில் வேறெங்காவது பாடம் எடுத்தால் இடம் பறிபோகுமா. கணிதம் போன்ற துறைகளுக்குப் போகிறவர்கள் கை துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். இவற்றுக்கெல்லாம் பதில் சேர்க்கை அலுவலகத்திலிருந்து எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் கேட்ட "பார்த்துக்கொள்ளலாம்" எதற்கும் உதவாது.

பெருநகர வாழ்க்கையைப் பற்றி நான் சற்று நீளமாகவே எழுத வேண்டும், ஏனெனில் இதில் என் சொந்த அனுபவம் இருக்கிறது. நானும் ஒரு பெருநகரத்தில்தான் படித்தேன். அங்கே போவதற்கு முன்னால் நான் கற்பனை செய்திருந்ததில் அருங்காட்சியகங்களும் நாடக அரங்குகளும் நள்ளிரவு வரை நீளும் விவாதங்களும் இருந்தன. உண்மையில் என் முதலாண்டில் மிகுதியாக இருந்தது பயணம். வாடகைக்கு அஞ்சி நகரத்தின் விளிம்பில் அறை எடுத்தேன். கல்லூரிக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம். மாலை வகுப்பு முடிந்ததும் நண்பர்கள் உட்கார்ந்து பேசத் தொடங்கும் நேரத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். நகரத்தின் புகழ்பெற்ற அருங்காட்சியகத்துக்கு நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் போனேன், அதுவும் ஊரிலிருந்து வந்த உறவினர்களைக் கூட்டிக்கொண்டு.

பெருநகரத்தின் செலவை எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அது அரசுகளுக்கும் தெரிந்ததுதான். இங்கிலாந்தில் மாணவர்களுக்கான வாழ்க்கைச் செலவுக் கடனிலேயே லண்டனில் தங்கிப் படிப்பவர்களுக்கெனத் தனியாக உயர்ந்த வரம்பு இருக்கிறது. பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்ற கணக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஓரளவே செல்லும். பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரமும், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரமும்தான் அனுமதி. இதை எல்லாம் யாரும் தேடித் தெரிந்துகொள்ளலாம். யாரும் எச்சரிக்காதது வேறொன்று: பெருநகரத்தில் நண்பர்கள் சிதறிப்போகிறார்கள். சிறிய ஊரில் படிக்கிறவருக்கு வகுப்பில் உள்ளவர்கள் அனைவரும் நடக்கும் தூரத்தில் இருப்பார்கள். இரவு பத்து மணிக்கு ஒரு கணக்கு புரியவில்லை என்றால் போய்க் கதவைத் தட்டலாம். பெருநகரத்தில் ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே. சந்திப்பதற்கே ஒரு வாரத்துக்கு முன்பே நாள் குறிக்க வேண்டும். பதினெட்டு வயதில் நட்பு என்பது திட்டமிட்டு வளர்வதில்லை. வேறு வேலை இல்லாமல் ஒரே இடத்தில் கிடப்பதால் வளர்வது.

முதலாண்டு விடுதி பெரும்பாலான இடங்களில் கிடைத்துவிடும் என்பதால் இந்தச் சிக்கல் உடனே தெரியாது. ஆகவே எந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றி விசாரித்தாலும், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று கேளுங்கள். விடுதி அறை பாட மாதங்களுக்கு மட்டும் பணம் கேட்கும். தனியார் வீடு, நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெரும்பாலும் பன்னிரண்டு மாதங்களுக்கும் கேட்கும். என் காலத்தில் இந்தக் கேள்வியை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

அதே நேரத்தில், பெருநகரம் எனக்குக் கொடுத்ததை மறைப்பது நியாயமில்லை. என்னை யாருக்கும் தெரியாது என்ற விடுதலையை வேறெங்கும் நான் அனுபவித்ததில்லை. துறை மாறலாமா என்று நான் திண்டாடியபோது, அந்தப் புதிய துறையில் வேலை செய்பவர்கள் அதே நகரத்தில், ஒரு பேருந்துத் தொலைவில் இருந்தார்கள். போய்ப் பார்த்தேன், பேசினேன், மாறினேன். சிறிய ஊரில் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

தங்குமிடத்தைப் பற்றிச் சொல்லும்போது, கட்டடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹார்வர்டில் முதலாண்டுக்குப் பிறகு மாணவர்களைப் பன்னிரண்டு விடுதிகளுக்குக் குலுக்கல் முறையில் அனுப்புவார்கள். நல்ல விடுதி கிடைத்தால் எவ்வளவு மகிழ்வீர்கள், பிடிக்காத விடுதி கிடைத்தால் எவ்வளவு வருந்துவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொண்டு, பின்னர் அவர்களின் உண்மையான மகிழ்ச்சியோடு ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வெளியானது. கணிப்பில் மலைக்கும் மடுவுக்கும் இருந்த வேறுபாடு நிஜத்தில் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது. இடத்தையும் கட்டடத்தையும் எண்ணிக் கணித்தவர்கள், அங்கே கூட வாழப்போகும் மனிதர்களைக் கணக்கில் சேர்க்கத் தவறியிருந்தார்கள். டார்ட்மத் கல்லூரியில் அறைத்தோழர்களைக் குலுக்கல்போல் சேர்த்துவைத்ததை ஆராய்ந்த 2001ஆம் ஆண்டு ஆய்வொன்று, அறைத்தோழரின் தாக்கம் முதலாண்டு மதிப்பெண்ணில் தெரிவதையும், எந்தப் பாடத்தை முதன்மையாக எடுப்பது என்பதில் தெரியாததையும் காட்டியது. தோழமை நம் உழைப்பை மாற்றும், விருப்பத்தை அவ்வளவு எளிதில் மாற்றாது என்று இதை வாசிக்கலாம்.

முடிவெடுத்த பிறகு நடக்கும் ஒன்றும் இருக்கிறது. டேனியல் கில்பர்ட், ஜேன் ஈபர்ட் இருவரும் 2002இல் வெளியிட்ட ஒரு சோதனையில், புகைப்படம் கற்ற மாணவர்களிடம் தாங்கள் அச்சிட்ட இரண்டு படங்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலருக்கு அது இறுதி முடிவு. சிலருக்குச் சில நாட்களுக்குள் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. மாற்றிக்கொள்ள வாய்ப்பிருந்தவர்களே தங்கள் படத்தைக் குறைவாக விரும்பினார்கள். ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக, ஓரிடத்தில் முன்பணம் கட்டிவிட்டு இன்னோரிடத்தின் காத்திருப்புப் பட்டியலையே பார்த்துக்கொண்டு முதல் பருவத்தைத் தொலைத்தவர்களை நான் அறிவேன். வேறு இடத்துக்கு மாறும் வழி பல பல்கலைக்கழகங்களில் இருக்கவே செய்கிறது. முதலாண்டு முடியும்வரை அதை எண்ணாமல் இருப்பதுதான் கடினம்.

அக்கா மகளின் கதைக்குத் திரும்புகிறேன். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் அவள் மின்னஞ்சல் எழுதிக் கேட்டாள். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்கலாம், ஆனால் உதவித்தொகைக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்று இரண்டிடமிருந்தும் ஏறத்தாழ ஒரே பதில் வந்தது. அதோடு இடைவெளி ஆண்டைப் பற்றிய பேச்சு வீட்டில் ஓய்ந்தது. எங்கள் மூன்று மணி நேர விவாதத்தால் முடியாததை இரண்டு வரி மின்னஞ்சல் முடித்துவைத்தது. இப்போது பெருநகரமா சிறிய ஊரா என்பது மட்டும் மீதி. அவள் மனம் சிறிய ஊரின் பக்கம் சாய்கிறது. அங்கே இரண்டாம் ஆண்டில் படிக்கும் ஒரு பெண்ணோடு பேசியதிலிருந்து அந்தச் சாய்வு கூடியிருக்கிறது. அக்காவுக்கு அதில் விருப்பமில்லை, பெருநகரத்தின் பெயர் அவளுக்கு இனிக்கிறது. என்னிடம் கேட்டார்கள், இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். பதில் அனுப்பக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை.