சீருடைக்கு அபராதம் எழுதுவதற்கு முன்

பதினோரு ஆண்டுகளாக ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கிறேன். அதில் ஆறு ஆண்டுகள் ஃபுளோர் சூப்பர்வைசராக. சீருடை விஷயத்தில் கறாரானவன் என்று பெயர் வாங்கியவன் நான். தீபாவளிக்கு ஆள் எடுக்கும் காலம் நெருங்குகிறது. பல கடைகளில் புதிய பெண்களின் கையில் சேலையைக் கொடுக்கும்போதே எந்தக் குறைக்கு எவ்வளவு பிடித்தம் என்பதையும் சொல்லிக் கொடுப்பார்கள் என்பதால் இதை இப்போதே எழுதுகிறேன்.

சீருடையே வேண்டாம் என்பது என் வாதமல்ல. கூட்ட நேரத்தில் யாரிடம் விலை கேட்பது என்று வாடிக்கையாளர் தடுமாறாமலிருக்க அது அவசியம். அதைவிட, விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களில் பலர் நல்ல உடுப்பு நான்குகூட இல்லாமல் ஊரிலிருந்து கிளம்பி வருகிறவர்கள். எல்லோரும் ஒரே சேலையில் நிற்கும்போது யார் வீட்டில் வசதி, யார் வீட்டில் இல்லை என்பது வெளியே தெரிவதில்லை. இதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அந்தச் சீருடையை அணிந்து வரும்படியான நிலைமையை ஏற்படுத்திக் கொடுக்க வேண்டிய பொறுப்பு நிர்வாகத்துடையது. அதைச் செய்யாமல் அபராத நோட்டை மட்டும் திறப்பது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த கடையில், ஓர் ஐப்பசி அடைமழை. ஆளுக்கு இரண்டு செட் சீருடைதான் கொடுத்திருந்தார்கள். சீசன் நேரம் என்பதால் பெண்கள் விடுதிக்குத் திரும்பவே இரவு பத்தரை ஆகிவிடும். அங்கே நாற்பது பேருக்கு மாடிப்படி ஓரமாகக் கட்டிய ஒரே கொடி. பாலியஸ்டர் சேலை எப்படியும் விடிவதற்குள் காய்ந்துவிடும். பிளவுஸின் உள்ளே வைத்துத் தைத்த காட்டன் லைனிங் காயாது. ஒரு நாள் காலை, இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், சீருடைச் சேலைக்கு வேறு நிறத்தில் பிளவுஸ் அணிந்து வந்து வரிசையில் நின்றாள். எல்லோர் முன்னிலையிலும் அவளை வெளியே கூப்பிட்டுக் காரணம் கேட்டேன். "ஈரம் காயலண்ணே" என்றாள். நான் நோட்டில் 100 ரூபாய் என்று எழுதினேன்.

அவள் அழவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. வழக்கமாக ஒரு வாடிக்கையாளருக்காக முப்பது சேலையை முகம் சுளிக்காமல் விரித்துக் காட்டுகிறவள், அன்று கேட்டதை மட்டும் எடுத்துக் காட்டினாள். அதைக்கூட ஒரு நாள் கோபம் என்று விட்டுவிடலாம். ஆனால் எந்தச் சேலைக்கட்டில் சாயம் போகிறது, எந்த நிறம் இல்லை என்று ஆட்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்றெல்லாம் தாமாகவே வந்து சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பிரிவுப் பெண்கள் அதன் பிறகு என்னிடம் எதையும் சொல்லவில்லை. ஊழியரின் மனநிலை என்று நிர்வாகக் கூட்டங்களில் பேசுகிறோமே, அது உடைவது பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான். சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்போது விற்பனை ஏன் குறைந்தது என்பதற்குக் காரணம் வேறெங்கோ தேடப்படும்.

நான் செய்தது சட்டப்படியும் சரியில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எந்தச் செயலுக்கு அபராதம் என்பதற்கு அரசின் அனுமதி பெற்று, அதைப் பணியிடத்தில் அறிவிப்பாக வைத்திருக்க வேண்டும் என்றது அப்போது நடைமுறையில் இருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம். விளக்கம் சொல்ல ஊழியருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். ஒரு சம்பளக் காலத்துக்கான மொத்த அபராதம் அந்தச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வசூலான பணத்தைப் பதிவேட்டில் எழுதி, ஊழியர்களின் நன்மைக்கே செலவிட வேண்டும். அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பிலும் அதே 3 சதவீத வரம்புதான். மாதச் சம்பளம் 9,000 ரூபாய் என்றால் 270 ரூபாய். ஒரு குறைக்கு 100 என்று பிடித்தால் மூன்றாவது முறையிலேயே எல்லை தாண்டிவிடுகிறது. தாமதமாக வந்ததற்கான அபராதமும் இதே வரம்புக்குள்தான் அடங்க வேண்டும். எங்கள் கடையில் அப்படி ஒரு பதிவேடு இருந்து நான் பார்த்ததே இல்லை.

2021ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்கள் வேலைக்கிடையே உட்கார இருக்கை வசதி கட்டாயம் என்றாக்கினார்கள். கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி, கேரளம் 2018இலேயே அந்த உரிமையைச் சட்டமாக்கியிருந்தது. சேலை மடிப்பில் பின் குத்தியிருக்கிறதா என்று காலையில் ஒவ்வொருவரையும் நின்று பார்க்கிற மேலாளர், அதே தளத்தில் அவர்கள் உட்கார ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறதா என்றும் பார்க்கக் கடமைப்பட்டவர்.

நிர்வாகத்திடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. குறைந்தது மூன்று செட் சீருடை, அதற்கான தையற்கூலியோடு. விடுதியில் மழை படாத கொடியும் ஓர் இஸ்திரிப் பெட்டியும். மாதவிடாய் நாட்களில் கறை பட்டால் உடனே மாற்றிக்கொள்ள மாற்று உடுப்பும் அதற்கு ஒரு மறைவிடமும். இதைப் பல முதலாளிகளிடம் சொல்ல ஆண் சூப்பர்வைசர்கள் கூச்சப்படுகிறார்கள். நானும் கூச்சப்பட்டவன்தான், அந்தக் கூச்சத்துக்கான விலையைப் பெண்கள் கொடுத்தார்கள். இவ்வளவும் இருந்து, அதன் பிறகும் ஒருவர் திரும்பத் திரும்ப அலட்சியமாக வந்தால் தனியே அழைத்துப் பேசுங்கள், எச்சரியுங்கள். நடவடிக்கை எடுத்தாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

அந்தப் பெண் தீபாவளி முடிந்த வாரமே கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். மூன்றாவது செட் வேண்டுமென்று நான் நிர்வாகத்துக்கு எழுதியது ஐந்து மாதம் கழித்து. அந்தக் காலையிலேயே எழுதியிருக்க வேண்டும். இப்போது நான் இருக்கும் கடையில், ஸ்டோர் ரூம் அலமாரியில் 34 முதல் 40 வரையிலான அளவுகளில் எட்டு பிளவுஸ்கள் எப்போதும் மடித்து வைத்திருக்கிறோம். யார் வந்து எடுத்தாலும் பெயர் எழுதுவதில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் இன்னும் நான்கு தைக்கக் கொடுக்க வேண்டும்.