வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்

கருப்பைவாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களை உடலே சரிசெய்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. லேசான மாற்றங்களுக்கு அது பெரும்பாலும் உண்மை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள், இந்த மாற்றங்களை உண்டாக்கும் ஹெச்பிவி வைரஸ் தொற்றிய செல்களைக் கண்டுபிடித்து அழிப்பதால், பெரும்பாலான தொற்றுகள் 2 ஆண்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் இந்த வைரஸ் ரத்தத்தில் கலப்பதில்லை, செல்லை உடைத்துக்கொண்டு வெளியேறுவதும் இல்லை. மேல்படலத்துக்குள்ளேயே பதுங்கிக் கிடப்பதால் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குச் சேதியே தாமதமாகத்தான் போகிறது. அதிலும் ஹெச்பிவியின் 16ஆம் வகை நீடித்துத் தங்கினால் ஆபத்து அதிகம். எச்ஐவி உள்ள பெண்களுக்கோ புற்றுநோய் அபாயம் ஏறத்தாழ 6 மடங்கு.

தாராவியில் எங்கள் பக்கத்து அக்காக்களிடம் கருப்பைவாய்ப் பரிசோதனை பற்றிப் பேசினால், “வலியே இல்லையே, எதுக்கு டெஸ்ட்?” என்கிறார்கள். இந்தக் கட்டத்தில் வலி வராதுங்க! ஹெச்பிவி தடுப்பூசியும் ஏற்கெனவே இருக்கும் தொற்றை விரட்டாது. 30 வயது தாண்டியவர்கள் சயான் மாநகராட்சி மருத்துவமனையின் மகளிர் பிரிவில் இந்தப் பரிசோதனை பற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.