மறதி நோயும் மருந்து கொடுக்கும் சன்னலும்

முதியோரின் மறதி நோயைப் பற்றிய பேச்சு நம்மிடையே எப்போதும் பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலிருந்தே தொடங்குகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தீர்களா, எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்றுதான் கேட்கிறோம். அந்த நரம்பியல் நிபுணரின் அறையை அடைவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அதே முதியவர் மாதந்தோறும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கிச் சென்றிருப்பார் என்பது அந்தப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோயை முதலில் கண்டுகொள்ளக்கூடிய இடம் அந்த நிலையமும், அங்கிருந்து மருந்துப் பையுடன் வீட்டுக்குச் செல்லும் பணியாளரும்தான் என்பது என் உறுதியான கருத்து.

2023ஆம் ஆண்டு வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடமும் அது கூடுதலாக இருந்தது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நம் கண்முன் வந்து நிற்பவர், பள்ளிக்கூடம் போகாத ஒரு கிராமத்து மூதாட்டி. நரம்பியல் நிபுணர் இருக்கும் ஊருக்கு அவர் போவது அரிது. போனாலும் யாராவது ஒருநாள் கூலியை விட்டுவிட்டு உடன் செல்ல வேண்டும். அவருக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம் மட்டுமே.

மறதி முதலில் வெளிப்படுவது பெரும்பாலும் மாத்திரை அட்டையில்தான். எழுபது வயதை ஒட்டிய ஓர் அம்மா, ஒரு மாதத்துக்குரிய மருந்தை வாங்கிச் சென்ற சில நாட்களிலேயே மீண்டும் சன்னலுக்கு வந்து, மாத்திரை தீர்ந்துவிட்டது என்றார். வீட்டில் இருப்பதையெல்லாம் எடுத்து வரும்படி சொன்னோம். மறுநாள் மருமகள் கொண்டுவந்த மஞ்சள் பையில் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபைன் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமலே கிடந்தன. சர்க்கரை மாத்திரை அட்டைகளோ அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிய்க்கப்பட்டு, எந்த வேளைக்கு எதைப் போட்டார் என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில் இருந்தன. அவருடைய நோட்டில் மாதத்துக்கு மாதம் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போயிருந்தது. அதற்கேற்ப மாத்திரையின் அளவும் கூட்டப்பட்டிருந்தது. "வயசாயிடுச்சுங்க சார், அதான்" என்றார் மருமகள். அந்த மருமகளைக் குறை சொல்ல மாட்டேன், ஏனெனில் மருத்துவமனையில் இருந்த எங்களில் எவரும் அதுவரை அவரிடம் வேறு எதையும் கேட்டிருக்கவில்லை.

இதிலுள்ள ஆபத்தை விளக்கியாக வேண்டும். மருந்து ஒழுங்காகப் போய்ச் சேராததால் ஏறிய சர்க்கரையை, மருந்து போதாததால் ஏறியதாக எண்ணி, மருத்துவர் அளவைக் கூட்டுகிறார். பிறகு ஊரிலிருந்து வரும் மகளோ பேரனோ அக்கறையோடு வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கத் தொடங்கும்போது, அந்தக் கூட்டிய அளவு முழுவதும் முதன்முறையாக உடலுக்குள் செல்கிறது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளில் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து, வியர்த்து, மயங்கி, 108 வண்டியில் ஏற்றும் நிலை வரலாம். அல்லது, ஏற்கெனவே போட்டதை மறந்து இரண்டாம் முறை போட்டுக்கொள்வதாலும் அது நேரலாம். சர்க்கரை தாழ்ந்துபோகும் நிகழ்வுகள் மூளைக்கும் நல்லதல்ல. அதனால்தான் மறதி நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரையை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டாம் என்றும், மருந்து முறையை எளிதாக்கும்படியும் நீரிழிவு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. மறதியைக் கண்டுகொள்ளாத சர்க்கரை சிகிச்சை பாதுகாப்பான சிகிச்சை ஆகாது.

கேள்வியே கேட்கப்படுவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 30 வயதைக் கடந்தவர்களுக்காகக் களப்பணியாளர்கள் நிரப்பும் சமூக மதிப்பீட்டுப் படிவத்தில், 60 வயதுக்கு மேற்பட்டோருக்கென்று தனியாகச் சில கேள்விகள் உள்ளன. நெருங்கியவர்களின் பெயரையோ சொந்த வீட்டின் முகவரியையோ மறந்துவிடுகிறீர்களா என்பது அவற்றுள் ஒன்று. அப்படி ஒரு கேள்வி அரசுப் படிவத்தில் இடம்பெற்றதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் பெற்ற பிள்ளையின் பெயரையும் குடியிருக்கும் வீட்டையும் மறக்கும் கட்டத்தில் நோய் வெகுதூரம் முற்றியிருக்கும். அதோடு, மறப்பவரிடமே மறக்கிறீர்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும். தன் மறதியைத் தான் உணராமல் போவதும் இந்நோயின் இயல்புகளில் ஒன்று.

கேட்க வேண்டியது உடனிருப்பவரிடம். கடையில் சில்லறை கணக்குப் பார்ப்பதில் முன்பு இல்லாத தடுமாற்றம் இருக்கிறதா, காலையில் சொன்னதையே மாலைக்குள் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா, ஆண்டாண்டு காலமாகச் செய்த சமையலில் பக்குவம் தவறுகிறதா, பழகிய தெருவில் வழி தப்பினாரா, காணாமல்போன பொருளை யாரோ திருடிவிட்டதாகச் சண்டை போடுகிறாரா என்று கேட்டால், மருமகளோ பேத்தியோ உடனே பதில் சொல்வார்கள். படிப்பறிவு இல்லாத சமூகங்களில் இந்நோயைக் கண்டறிய உடனிருப்பவரின் வாக்குமூலம் எவ்வளவு பயன்படும் என்பதை, சென்னையிலும் வேலூரிலும் களம் கண்ட 10/66 ஆய்வுக் குழு விரிவாக ஆராய்ந்திருக்கிறது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வாழும் வளரும் நாடுகளைப் பற்றி, மொத்த ஆய்வுகளில் 10 சதவீதம்கூட நடக்கவில்லை என்ற ஆதங்கத்தில் பிறந்த பெயர் அது. இன்றும் பல இடங்களில், ஆடி அமாவாசை, புரட்டாசி சனி என்று நாளைக் கணக்கிட்டு வாழ்ந்தவரிடம் ஆங்கிலத் தேதியைக் கேட்டு, பென்சிலே பிடித்திராத கையில் ஐங்கோணம் வரையச் சொல்லி மதிப்பெண் போடுகிறார்கள். அந்தச் சோதனையில் அவர் தோற்பது பள்ளிக்கூடம் போகாததற்காக.

மறதியெல்லாம் டிமென்ஷியா என்று முத்திரை குத்துவதும் அதே அளவு தவறாகும். பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, துணையை இழந்தபின் வரும் மனச்சோர்வு, கீழே விழுந்து தலையில் அடிபட்டதால் மண்டையோட்டுக்குள் மெல்லக் கசியும் ரத்தம் ஆகிய யாவும் மறதியாகவே தோன்றும். இவை சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியவை. ஓரிரு நாட்களில் திடீரென்று வந்த குழப்பம் என்றால் சிறுநீர்த் தொற்றா, உப்புச்சத்துக் குறைவா என்று முதலில் பார்க்க வேண்டும். நாங்கள் சளிக்கும் அரிப்புக்கும் அள்ளி அள்ளிக் கொடுக்கும் சி.பி.எம். மாத்திரைகூட முதியவர்களின் மூளையைக் குழப்பக்கூடியது என்பதை மருந்தாளுநர்கள் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். இவற்றைப் பிரித்தறியும் முதல் வேலையை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே தொடங்கிவிடலாம். ஸ்கேன் தேவைப்படும் சிலரை மட்டும் மேலே அனுப்பினால் போதும்.

நோயைக் கண்டறிந்து என்ன பயன், குணப்படுத்தவா முடியும் என்று என்னிடம் கேட்ட மருத்துவர்களும் உண்டு. குணப்படுத்த முடியாத சர்க்கரை நோய்க்கு வாழ்நாள் முழுதும் நோட்டுப் போட்டுக் கொடுக்கும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. கோவாவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வொன்றில், சிறப்பு மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள், மறதி நோயாளி இருக்கும் வீடுகளுக்கு ஆறு மாதங்கள் தொடர்ந்து சென்று, நோயைப் புரியவைத்து, அன்றாடச் சிக்கல்களைக் கையாளக் கற்றுக்கொடுத்தார்கள். 81 குடும்பங்கள் பங்கேற்ற சிறிய ஆய்வுதான் அது. ஆனால் பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது. இரவெல்லாம் எழுந்து கதவைத் தட்டும் மாமியாரைக் காவல் காத்துவிட்டு விடிந்ததும் நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, அவர் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை, இது ஒரு நோய் என்று ஒருவர் வீடு தேடி வந்து சொல்வது சாதாரண உதவியல்ல.

வீடு தேடிச் செல்லும் ஏற்பாடு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுசெல்கிறார். புது அட்டையைக் கொடுக்கும் முன் பழைய அட்டையை வாங்கிப் பார்ப்பது, எண்ணிக்கை பொருந்தாவிட்டால் வீட்டிலுள்ளவரிடம் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு மருத்துவருக்குத் தெரிவிப்பது என்ற இரண்டை மட்டும் அவருடைய வேலையில் சேர்க்கலாம். காது கேளாமை, பார்வைக் குறைபாடு, ரத்த அழுத்தம், தனிமை ஆகியவற்றையும் அவரே முதலில் பார்க்கிறார். தவிர்க்கவோ மட்டுப்படுத்தவோ கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கூறியபோது, அந்தப் பட்டியலில் இந்த நான்கும் இருந்தன.

தனியாக வாழும் முதியவரைப் பற்றித்தான் எனக்கு எளிதான விடை தெரியவில்லை. பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்க, கேட்பதற்கு வீட்டில் ஆளில்லாத பாட்டிக்கு யாரிடம் விசாரிப்பது? அடுத்த வீட்டாரிடமும் ரேஷன் கடைக்காரரிடமும் விசாரிக்கலாம். ஆனால் அதற்கு நேரம் வேண்டும், ஊராரிடம் பேசிப் பழகிய ஆளும் வேண்டும். ஏற்கெனவே குறைந்த ஊக்கத்தொகைக்கு வெயிலில் நடக்கும் தன்னார்வலரின் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றிவிட்டு, அதற்கான பயிற்சியையும் ஊதிய உயர்வையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், அந்தப் பதிவேடு 'இல்லை', 'இல்லை' என்றே நிரம்பும். சுகாதாரத் துறை இந்தப் பணியைக் கொடுக்கும் அதே ஆணையில் அதற்குரிய தொகையையும் எழுத வேண்டும்.